காணாமல் போன பதினாறு பக்கம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படம் வந்தது. தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஏழு கட்டுப் புத்தகம், சணல் கயிறு, கட்டின் மேல் ஏறிப் படுத்திருக்கும் பூனை. கீழே நீ எழுதியிருந்தது: "அத்தை, நாலு படிச்சுப் பார்த்தேன். பிரிஞ்சவங்க திரும்பச் சேர்றாங்க. எல்லாம் ஒரே கதை. எடைக்குப் போட்டுடலாமா?"

போனில் பதில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஒரே கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே கதையை மாயவரத்துப் பெண்கள் வாரத்துக்கு மூன்று தடவை வாடகை கொடுத்து வாங்கிப் போனதை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாத்தாவின் வாடகை நூலகத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை அதுதான். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, மூன்று நாள் தவணை. ஐந்து மணிக்கு மேல் ஒயர் கூடையோடு பிள்ளைகள் வருவார்கள். "அழுவாச்சி இல்லாத புக்கா குடுக்கச் சொன்னாங்க. முடிவு நல்லா இருக்கான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க." காதல் நாவலாசிரியர் ரமணிசந்திரன் எழுதியது என்றால் அந்தக் கேள்வியே எழாது. மற்றவர்கள் எழுதியதற்கு நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாக்குக் கொடுக்க வேண்டும். தலைப்பை வைத்துப் படித்தது எது, படிக்காதது எது என்று பிரிக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு ரகசியக் குறி இருந்தது. ஒரு அக்கா முப்பத்தோராம் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். இன்னொருவர் நாற்பதாம் பக்கத்தின் மூலையை மடிப்பார். உன் கட்டுகளில் தேடினால் இன்னும் கிடைக்கும்.

அந்த அலமாரியில் காயம்பட்ட புத்தகம் இரண்டு இருந்தது. ஒன்றில் கடைசித் தாளே இல்லை. கல்யாணம் நடக்கிற தாள். இரண்டு வருடம் சுற்றுக்குப் போய் வந்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று கெட்டி அட்டைப் புத்தகம். பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போயிருந்தது. எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை, பதினாறு பக்கம். எண்பதாம் பக்கத்தில் அவன் ஆறு வருடம் கழித்து வந்து வாசலில் நிற்கிறான். தொண்ணூற்றேழில் அவள் அவனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். வாங்கிப் போன மூன்று பேரும் ஒரே வாரத்தில் திரும்பி வந்து சண்டை பிடித்தார்கள். "நடுவுல அவன் என்ன சொன்னான்?"

இதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்தைத் தாங்களே கற்பனையில் நடத்தி முடித்துக்கொண்டவர்களால் அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் இட்டு நிரப்பிக்கொள்ள முடியவில்லை. பிரிந்தவர் சேரும் இந்த இரண்டாம் வாய்ப்புக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் சேருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வாயால், எந்தச் சொல்லால் தப்பு ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதைப் படிக்கத்தான் வாடகை.

இது மாயவரத்து வழக்கம் மட்டும் இல்லை. லண்டனில் 1908ல் ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டது. 1930களில் காதல் நாவல் பக்கம் முழுதாகத் திரும்பியபோது அதைத் தாங்கிப் பிடித்தவை அந்த ஊர் வாடகை நூலகங்கள்தான். பழுப்பு அட்டையைப் பார்த்தே வாங்கிப் போனார்கள், எழுதியவர் பெயரைக்கூடப் பார்க்காமல். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் ஒரு ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு பேசிப் பழகி 1984ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்களிலும் பலர் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்கினார்களாம். படிக்கிற அந்த நேரம் மட்டும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாமல் தங்களுக்கே சொந்தமானது என்று அவர்கள் சொன்னதுதான் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. அதே 1984ல்தான் நான் கல்லாவில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த மாத நாவல்கள் சின்னப் புத்தகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் முடிய வேண்டும். கதைக்கும் அது பொருந்துகிறது. முதல் காதலைச் சொல்ல வேண்டுமானால் சந்திப்பு, தயக்கம், தூது என்று ஆரம்பத்திலிருந்து வளர்க்க வேண்டும். இதில் அதெல்லாம் முதல் பக்கத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. இருவருக்கும் மற்றவர் காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவார் என்பது தெரியும். ஆனால் எங்கே உட்காரச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தச் சங்கடம் ஒரு மத்தியானத்துக்குப் போதும்.

இனி, இவற்றில் நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது எப்படி என்று சொல்கிறேன். மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஏன் பிரிந்தார்கள் என்பது முதல் கேள்வி. ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் என்றால் அது மட்டம். இதற்கு நான் எப்போதும் கைகாட்டுவது ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. இந்த வகைக்கே அது பாட்டி. 1806ல் ஆன் எலியட்டுக்கு வயது பத்தொன்பது. கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தோடு நிச்சயம் ஆகிறது. அவனிடம் பணமில்லை, பின்பலம் இல்லை. தாயில்லாப் பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்கிறாள். ஆன் முறித்துக்கொள்கிறாள். அந்த அம்மாளை வில்லியாக்க முடியாது. நம் வீட்டுப் பெரியம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். 1814ல் கதை தொடங்கும்போது ஆனுக்கு இருபத்தேழு. அவன் போரில் கப்பல்களைப் பிடித்துச் செல்வந்தனாகி அதே ஊருக்கு வருகிறான், அவளைத் தவிர எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறான்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் கடைசியில் வருகிறது. பாத் நகரத்து விடுதி அறை. ஜன்னலோரம் ஆன் இன்னொரு கப்பல் அதிகாரியோடு, அதிக நாள் மறக்காமல் காதலிப்பது ஆணா பெண்ணா என்று வாதாடிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் தள்ளி வென்ட்வொர்த் யாருக்கோ கடிதம் எழுதுகிறான். திடீரென்று அவன் பேனா கீழே விழுகிறது. அவ்வளவுதான். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்த மேஜையிலேயே அவளுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான்.

பிறகு நடக்கும் பேச்சைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீ தாண்டாதே. பிரிந்து இரண்டு வருடத்தில் கையில் கொஞ்சம் பணமும் ஒரு கப்பலும் கிடைத்ததே, அப்போது நான் கடிதம் போட்டிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று அவன் கேட்கிறான். சம்மதித்திருப்பேன் என்கிறாள். ஆறு வருடத்தை வீணடித்தது லேடி ரஸ்ஸல் இல்லை, தன் வீம்புதான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அதை அவளிடமே சொல்லவும் செய்கிறான்.

ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவு வேறு. 1816 ஜூலையில் எழுதி முடித்தார். இருவரும் வேறொரு வீட்டில் சந்தித்துச் சுருக்கமாகச் சமாதானம் ஆகிவிடுவார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்டுக்குள் மாற்றி எழுதினார். அப்போது வந்ததுதான் விழுகிற பேனாவும் கடிதமும். நீக்கிய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மறு வருடம் ஜூலையில் அவர் இறந்துபோனார். புத்தகம் அந்த வருடக் கடைசியில்தான் வெளிவந்தது. உடம்பு சரியில்லாத காலத்திலும் அந்த ஒரு இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் ஆள் மாறினானா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நளன் கதை போதும். சூதாடி நாட்டைத் தோற்றவன், தூங்குகிற தமயந்தியைக் காட்டில் விட்டுவிட்டுப் போனவன். அவள் இரண்டாம் சுயம்வரம் என்று ஒரு பொய்ச் செய்தி அனுப்பி அவனை வரவழைக்கிறாள். நமக்கு நினைவிருப்பது அவன் சமையலைச் சுவைத்து அவள் அடையாளம் கண்டதுதான். அதற்கு முன்னால் வழியில் ஒன்று நடக்கிறது. தேரோட்டிக்கொண்டு வரும் நளன், ஒரு மரத்தின் காய்களை நிமிஷத்தில் எண்ணிச் சொல்லும் அரசனிடமிருந்து எண்ணின் நுட்பத்தையும் சூதின் நுட்பத்தையும் கற்றுக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் அவனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு நீங்குகிறான். எதில் தோற்றானோ அதைக் கற்றுக்கொண்ட பிறகே மனைவி வீட்டு வாசலை மிதிக்கிறான். உன் கட்டுகளிலுள்ள நாவல்களின் நாயகர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர் போய்ப் பணக்காரனாகித் திரும்புவார்கள். பணம் வந்தது சரி, ஆள் மாறினானா என்று கேள்.

மூன்றாவதுதான் அந்தப் பதினாறு பக்கம். தப்பு வாய்விட்டுச் சொல்லப்படுகிறதா? சிலப்பதிகாரத்தில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டில் கண்ணகி சமைத்துப் போட, கோவலன் வாழையிலையில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொள்கிறான். அதன் பிறகு தன் நடத்தையைத் தானே எண்ணி வருந்திப் பேசுகிறான். கண்ணகியும் 'போனால் போகட்டும்' என்று சொல்லிவிடவில்லை. நீர் செய்தது பெரியோர் போற்றாத காரியம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். காவியம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். உடனே அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிறான். அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் நீட்டித்தால் என்ன என்று யாருக்குத்தான் தோன்றாது? மாத நாவல் நீட்டிக் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுகளில் கையை முறுக்குவதையும் அறைவதையும் காதல் என்று எழுதியவை இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடு, எனக்கு வருத்தமில்லை. அடித்தவன் பூ வாங்கி வந்தால் அது இரண்டாம் வாய்ப்பு ஆகாது. நம் வீடுகளில் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "நடந்தது நடந்துபோச்சு, அனுசரிச்சுப் போம்மா" என்று பெட்டியோடு திருப்பி அனுப்புகிறார்களே, அதுவும் ஆகாது. அங்கே யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. 'சேர்த்து வைப்பது' என்ற சொல்லையே பார். யாரோ வைக்கிறார்கள், இவள் வைக்கப்படுகிறாள். நாவலில் கதவுக்கு உள்ளே நிற்பவள் அவள். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம். அப்படி ஒரு கதவு வாய்க்காதவர்கள்தான் ஒயர் கூடை கொடுத்து அனுப்பினார்கள் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அந்த ஃபாரம் விட்டுப்போன புத்தகத்தை என்ன செய்தோம் என்று கேட்பாய். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளில் காணாமல் போன காட்சியை நானே எழுதி எண்பதாம் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டினேன். நாலு பக்கம். அவன், "எல்லாத்தையும் மறந்துடு" என்கிறான், அவள் அழுகிறாள், காபி போடப் போகிறாள். முப்பத்தோராம் பக்கத்தில் புள்ளி வைக்கும் அக்காதான் முதலில் எடுத்துப் போனார். மறுநாளே வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எங்கே என்று யாரும் கேட்டதும் இல்லை. என் தாள்களைத் திறந்து விரலை வைத்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"மறந்துடுன்னு ஏன் சொல்றான்? எதை மறக்கணும்னு அவனைச் சொல்லச் சொல்லு."

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பதினொரு பக்கம் வந்தது. அவர் அதை வாங்கிப் போய் மூன்று நாள் தவணை தாண்டி, ஐந்தாம் நாள்தான் திருப்பித் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாமதக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவதோ நாலாவதோ கட்டில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கும். நடுவில் பசை காய்ந்து பழுப்பேறிய கோடு போட்ட தாள்கள். அதை மட்டும் எடுத்து வை. முப்பத்தோராம் பக்கத்தையும் பார். ஒரு புள்ளியா, இரண்டா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை