85 ஆண்டுகள் காத்திருந்த அலை

மாணவர்களே, 2022 ஜனவரி 15, சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் நம் தலைக்கு மேல் ஓர் அலை கடந்து போனது. யாரும் உணர்ந்திருக்க மாட்டோம். காற்றழுத்தம் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் மாறியது, அவ்வளவுதான். அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் நான்கைந்து மாடி ஏறினாலே அந்த அளவு மாற்றம் ஏற்பட்டுவிடும்.

அலை கிளம்பிய இடம் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹூங்கா தொங்கா எரிமலை. நம் நேரப்படி பகல் 12.15 அளவில் அது வெடித்தது. அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் 9,400 கிலோமீட்டர். அலையின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 318 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் வரும்.

இது ஒலியா? மனிதக் காதுக்கு எட்டும் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளது குற்றொலி. அதிர்வெண் குறையக் குறைய, காற்று ஒலியை உறிஞ்சிக்கொள்வதும் குறைகிறது. தைப்பூசத்தில் காவடிகள் தூரத்தில் வரும்போது முதலில் எது கேட்கிறது? உறுமியின் கனத்த முழக்கம்தானே? சலங்கைச் சத்தம் அருகில் வந்த பிறகுதான் கேட்கும். எரிமலை எழுப்பும் குற்றொலி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவதும் இதனால்தான். நாம் பேசும் அலையோ குற்றொலியையும்விட மிக மெதுவாக அதிரும். தரையிலிருந்து மேல்வரை காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளர்ந்து செல்லும். ஹோரேஸ் லாம்ப் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரின் பெயரால் இது லாம்ப் அலை எனப்படுகிறது.

1883 ஆகஸ்ட் 27இல் நமக்கு அருகிலேயே, சுந்தா நீரிணையில், கிரக்கத்தோவா வெடித்தபோதும் இதே அலை உலகைப் பலமுறை சுற்றியது. பல நாடுகளின் காற்றழுத்தமானிகள் அதைக் காகிதத்தில் கோடாக வரைந்து வைத்தன. நம் கதைக்கு அந்தக் காகிதங்கள் முக்கியம்.

அக்காலத்தில் அறிஞர்களை வேறொரு புதிர் குழப்பிக்கொண்டிருந்தது. நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சத்தைத் தொடும். சூரியன் ஒரு நாளில் ஒரு முறைதானே சூடேற்றுகிறது? பிறகு ஏன் இரண்டு உச்சம்? கெல்வின் பிரபு ஒரு விளக்கம் சொன்னார். ஊஞ்சலை அதன் தாளத்தோடு தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரே போகும். அதுபோல் வளிமண்டலத்தின் இயல்பான தாளமே பன்னிரண்டு மணி நேரமாக இருக்கலாம் என்றார். ஒத்ததிர்வு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதுதான்.

அந்தத் தாளம் உண்மையானால், வினாடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தில் ஓர் அலை இருக்க வேண்டும். கிரக்கத்தோவா அலையோ அதைவிட வேகமானது. இதை ஜி. ஐ. டெய்லர் 1929இல் சுட்டிக்காட்டினார். கதை முடிந்தது என்றே தோன்றியது.

1937இல் ஹைம் பெக்கெரிஸ் வந்தார். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர்; பின்னாளில் இஸ்ரேலின் முதல் கணினி உருவாகக் காரணமாக இருந்தவரும் இவரே. வளிமண்டலத்துக்கு ஒரே அலைதான் என்று யார் சொன்னது என்று கேட்டார். மேலே போகப் போக வெப்பநிலை ஒரே சீராகக் குறைவதில்லை. முதலில் குறைந்து, ஓசோன் உள்ள உயரத்தில் கூடி, மறுபடி குறைகிறது. மேலே உள்ள அந்தக் குளிர்ந்த அடுக்கு மூடிபோல் செயல்பட்டு, இரண்டாவதாக ஓர் அலையையும் தப்பவிடாமல் வைத்திருக்கும் என்று கணக்கிட்டார். இந்த அலையில் கீழ்க்காற்று அழுந்தும்போது மேல்காற்று தளரும். லாம்ப் அலையைவிட இது மெதுவானது. 1883இன் பழைய பதிவுகளிலேயே இதன் சுவடு தெரிகிறது என்றும் அவர் எழுதினார். ஆனால் அந்தச் சுவடு மிக மங்கல்.

பிறகு ராக்கெட்டுகள் மேலே சென்று வெப்பநிலையை அளந்தன. அளவுகள் கெல்வினின் ஒத்ததிர்வுக்கு ஒத்துவரவில்லை. சூரிய வெப்பத்தை ஓசோனும் நீராவியும் உறிஞ்சுவதே இரண்டு உச்சங்களுக்கும் காரணம் என்று 1960களில் தெளிவானது. பெக்கெரிஸின் இரண்டாவது அலையையும் அதோடு ஓரங்கட்டிவிட்டார்கள். இது அவசரமான முடிவு என்பேன். புதிருக்குச் சொன்ன விடை தவறென்றால், அலையே இல்லை என்று ஆகிவிடுமா? பெக்கெரிஸ் 1993இல் காலமானார்.

தொங்கா வெடித்தபோது ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அகச்சிவப்புப் படங்களை ஷிங்கோ வத்தனாபே, கெவின் ஹாமில்ட்டன் குழுவினர் ஆராய்ந்தார்கள். லாம்ப் அலைக்குப் பின்னால் இன்னொரு வளையமும் விரிந்து சென்றிருந்தது. வேகம் வினாடிக்குச் சுமார் 245 மீட்டர். பெக்கெரிஸ் தேடிய 280 இது இல்லை. அதனால் கெல்வினின் விளக்கம் உயிர்பெறவில்லை. அலை மட்டும் இருந்தது.

அந்த இரண்டாவது அலை கோலாலம்பூருக்கு எத்தனை மணிக்கு வந்திருக்கும்? மேலே உள்ள தூரத்தையே வைத்துக் கணக்கிடுங்கள். இரவு பதினொன்றை நெருங்கி விடை வந்தால் உங்கள் கணக்கு சரி.