கடதாசியில் முதலில் ஒரு வீடு

பொழுதுபோக்கு என்றவுடன் அது காசு கரைக்கும் காரியம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். கடதாசியில் மாதிரியுருக்கள் செய்யும் கலை அப்படிப்பட்டதன்று. தட்டுப்பாட்டுக் காலத்திலும் அது வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் கடதாசிக்கே பஞ்சம் நிலவிய நாட்களில், ‘மைக்ரோமொடல்ஸ்’ என்ற பெயரில், தபாலட்டை அளவான மட்டைகளில் அச்சிட்ட சின்னஞ்சிறு மாதிரிகள் விற்பனையாயின. போலந்தில் 1957இல் இதற்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கியது. அதன் பக்கங்களை வெட்டி ஒட்டிக் கப்பலும் விமானமும் செய்தார்கள்.

நாம் கப்பலில் தொடங்க வேண்டாம். வளைந்த பாகங்கள் புதியவரின் பொறுமையைச் சோதிக்கும். வீட்டின் சுவர்கள் நேரானவை. அதன் அளவுகளும் நமக்குப் பழக்கமானவை.

வேண்டியவை சில பொருட்களே. ஒரு பிறிஸ்டல் போட் அல்லது பிஸ்கட், சவர்க்காரப் பெட்டிகளின் மட்டை, அங்குலம் குறித்த அடிமட்டம், பென்சில், கத்தரிக்கோல், மை தீர்ந்த பேனை ஒன்று. பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பின்னர் அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். பசையை மெல்லியதாகவே பூச வேண்டும். ஈரம் மிகுந்தால் மட்டை சுருண்டுவிடும்.

மரத்தைப் போல மட்டைக்கும் நார் ஓட்டம் உண்டு. இரு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகின்றதோ, அந்த வளைவின் மடிப்புக் கோட்டின் வழியே நார் ஓடுகின்றது. நீண்ட மடிப்புகள் அந்த ஓட்டத்தோடு அமையட்டும். மடிக்குமுன் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கோடிழுங்கள். கோடு வெளிப்புறம் வரும்படி மடித்தால் மூலை கூராக வரும். ஒட்டுவதற்குக் கால் அங்குல விளிம்பு விடுவதைப் பலர் மறந்துவிடுகின்றார்கள். இரண்டு அங்குலச் சதுரப் பெட்டி ஒன்றை முதலில் செய்து பழகுங்கள்.

இனி வீடு. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கொள்வோம். 2010இன் பின்னர் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி கொண்டவை. 22 அடி அகலம், 25 அடி நீளம் என்றால் அந்தப் பரப்பு வரும். நம் மட்டையில் அது 5½ அங்குலம், 6¼ அங்குலம். ஒன்பது அடிச் சுவர் 2¼ அங்குலம். மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள கதவு ¾ அங்குலமும் 1¾ அங்குலமும் ஆகும்.

சுவர்களை ஒட்டுமுன் ஒரு மனிதரை வெட்டி எடுங்கள். ஐந்தரை அடி ஆள் 1⅜ அங்குலம். ஆறடிக் கட்டில் 1½ அங்குலம். இவற்றை அறைக்குள் வைத்துப் பாருங்கள். கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கின்றதா? நெல்மூட்டை எங்கே அடுக்குவது? மாதிரியைத் தரையில் வைத்து, வாடைக்காற்றும் சோளகமும் வரும் திசைகளை நோக்கித் திருப்பினால், குசினிப் புகை எந்த அறைக்குள் போகும் என்பதும் விளங்கும். வரைபடத்தை விரித்தால் ஆண்கள் மட்டுமே குனிந்து பார்க்கும் வீடுகள் உண்டு. மாதிரியை வைத்தால் அம்மாவும் ஆச்சியும் கை நீட்டிச் சுவரை நகர்த்துவார்கள். நகர்த்தட்டும். அத்திவாரம் வெட்டியபின் ஒரு சுவரை மாற்றுவதற்கு ஆகும் செலவை நாம் அறிவோம். மட்டையில் அதற்குச் செலவில்லை.

இன்னொரு வீட்டையும் செய்யலாம்: விட்டுவந்த வீட்டை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அந்த வீடுகளைக் கண்டதேயில்லை. முதியோரிடம் அளவு கேளுங்கள். அவர்கள் முழக்கணக்கில் சொல்லக்கூடும். ஒரு முழத்தை ஒன்றரை அடியாக, அதாவது ⅜ அங்குலமாகக் கொள்ளுங்கள். கிணற்றடிக்கு எத்தனை காலடி, விறாந்தையில் எத்தனை தூண், மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறியுங்கள். அப்புவும் ஆச்சியும் யன்னலைப் பற்றிச் சண்டையிட்டால் இரண்டு சுவர் வெட்டிக்கொள்ளுங்கள்! ஆனால் சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். சிலருக்கு அந்த வாசற்படியை நினைப்பதே பாரம். இம்மாதிரி காணி உறுதிக்கு ஈடாகாது என்பதையும் மனதிற் கொள்ளுங்கள். எனினும் அடித்தட்டின் கீழே வீட்டுக்காரரின் பெயர், ஊர், அளவுகள், சொன்னவர் பெயர், திகதி ஆகியவற்றை எழுதிவைப்பது நல்லது.

கூரையை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். தூக்கி உள்ளே பார்க்கலாம். மாரி தொடங்குமுன் மாதிரியை மூடியுள்ள தகரப் பேணியிலோ பெட்டியிலோ வைத்து, நிலத்தில் படாமல் உயரத்தில் ஏற்றிவிடுங்கள். மாப்பசைக்குப் பூச்சிகள் வரும். மாதம் ஒருமுறை திறந்து, வெயில் படாத காற்றோட்டத்தில் வையுங்கள்.