அந்த மட்டைக்கு ஏன் தடை?

கேள்வி: என் அக்காள் மகன் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலை பார்க்கிறான். அங்கே ஆடுகிறவர் ஒருவர் கொடுத்த பழைய மட்டையை ஊருக்குக் கொண்டுவந்து சவுக்குத் தோப்போரம் அடித்துப் பழகுகிறான். மட்டையின் தலையில் ‘ஈ.ஆர்.சி.’ என்று இருக்கிறது. “இது தடை செய்த மட்டை மாமா” என்கிறான். உள்ளே ஸ்பிரிங் ஏதாவது வைத்திருக்கிறார்களா? இல்லை, இரும்பு கெட்டியாக இருப்பதுதான் குற்றமா?
– வாசகர், திருவக்கரை

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. சவுக்குத் தோப்போரம் அதை வைத்து அடிப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. தடையெல்லாம் விதிப்படி நடக்கும் ஆட்டத்துக்குத்தான்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் பலருக்கும் உண்டு. மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், கெட்டியாக இருந்தால் பந்து அதிக தூரம் போகும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கெட்டியான முகத்தில் மோதும் பந்து நன்றாக நசுங்குகிறது. நசுங்கி விரியும்போது கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கைச் சூடாக வீணடித்துவிடுகிறது. முகம் கொஞ்சம் உள்வாங்கிக் கொடுத்தால் பந்து அவ்வளவு நசுங்காது, வீணாவதும் குறையும். சிமெண்டுத் தரையில் குதிப்பதற்கும் கயிற்றுக் கட்டிலில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆகவே உங்கள் முதல் ஊகம் பாதி சரி: உள்ளே ஸ்பிரிங் இல்லை, முகமே ஸ்பிரிங்.

மரம் கல்லாகிக் கிடக்கும் ஊர்க்காரர் நீங்கள். இங்கே மரம் உலோகமான கதை. தூர அடிக்கான ‘டிரைவர்’ என்ற மட்டையின் தலையை நெடுங்காலம் கருங்காலி இனத்தைச் சேர்ந்த பெர்சிமன் மரத்தில்தான் கடைந்தார்கள். கட்டை வளையாது, அதனால் விதி எழுதுகிறவர்களுக்கும் கவலை இல்லை. 1979-ல் எஃகுத் தலை கடைக்கு வந்தது. 1990-களில் டைட்டானியம் வந்தது. எடை குறைவு, வலு அதிகம் என்பதால் தலையை உள்ளே வெற்றாக விட்டு, முகத்தைச் சுமார் 3 மில்லிமீட்டர் தகடாக அடிக்க முடிந்தது. ஸ்பிரிங் பிறந்தது அப்போதுதான்.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998-ல் இதற்கு ஒரு வரம்பு வைத்தது. மீள்திறன் எண் 0.83-ஐத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் மோதும் பந்து 83 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் திரும்பக் கூடாது. கேலவே நிறுவனம் 2000-ல் கொண்டுவந்த ஈ.ஆர்.சி. (நிறுவனர் ஈலி ரீவ்ஸ் கேலவேயின் முதலெழுத்துகள்) அந்த வரம்பைத் தாண்டியது, அமெரிக்காவில் தள்ளிவைத்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அப்போது இப்படி வரம்பு எதுவும் வைக்கவில்லை. இந்தியா ஆடுவது அவர்கள் விதிப்படி. ஆக, சிகாகோவில் தள்ளுபடியான அதே மட்டை சென்னையிலும் ஊட்டியிலும் செல்லுபடி! இந்தக் கூத்து சில வருடம் நடந்தது. 2002-ல் இரு அமைப்புகளும் சமரசத்துக்கு வந்தன. 2003 முதல் உயர்நிலைப் போட்டிகளுக்கும், 2008 முதல் எல்லாருக்கும் ஒரே வரம்பு என்று ஆனது. உங்கள் மருமகன் கையில் இருப்பது, கொடுத்தவர் வாங்கிய நாளில் நம் ஊரில் குற்றமற்ற மட்டையாகவே இருந்திருக்கலாம்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2025 ஐபிஎல்லில் நடுவர்கள் மைதானத்திலேயே மட்டையை அளவுச் சட்டத்துக்குள் நுழைத்துப் பார்த்தார்கள் அல்லவா? கிரிக்கெட்டில் அது போதும். அங்கே கேள்வி அகலமும் தடிமனும்தான். கோல்ஃபில் ஊசல் சோதனை வேண்டும். சின்ன எஃகுக் குண்டை ஊசல்போல ஆடவிட்டு முகத்தில் மோதவைத்து, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள். முகம் எவ்வளவு நெகிழ்கிறதோ அவ்வளவு நேரம் ஒட்டும். உச்சவரம்பு 257 மைக்ரோவினாடி. ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வேடிக்கை என்னவென்றால், தேறிய மட்டையும் அடித்து அடித்துத் தகடு தளர்ந்து வரம்பைத் தாண்டிவிடலாம். 2025 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டிக்கு முந்தைய சோதனையில் ரோரி மெக்கில்ராயின் டிரைவரும் ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் தேறவில்லை. ஷெஃப்லர் மாற்று மட்டையோடு ஆடிக் கோப்பையையே வாங்கிவிட்டார். அந்தக் கூடுதல் ஸ்பிரிங் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்பது என் கட்சி.

உங்கள் மருமகன் போட்டிக்குப் போவதானால் இதை மட்டும் சொல்லிவையுங்கள்: விதிக்கு ஒவ்வாத மட்டை பையில் சும்மா கிடந்தால் தண்டனை இல்லை, ஒருவர் அதிகபட்சம் வைத்துக்கொள்ளக்கூடிய 14 மட்டை என்ற கணக்கில் அதுவும் சேரும், அவ்வளவுதான். அதை எடுத்து ஒரே ஒரு பந்தை அடித்தாலும் போட்டியிலிருந்து நீக்கம்.