ஆசிய அரசியல் படிக்க டெல்லிக்கா போகணும்?

ஆசிய அரசியலும் பாதுகாப்பும் எம்.ஏ.வில் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி: "மிலிட்டரியில சேரப் போறியா?" அடுத்தது: "அதுக்கு டெல்லிக்குல்ல போகணும்?" சென்னைப் புறநகரில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்தில் பட்டம் முடித்த பிள்ளைகள் பலர் இந்த இரண்டு கேள்விகளோடு ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

இது சீருடைக்காரர்களின் படிப்பு என்பது தவறான எண்ணம். நீலகிரி வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் பயிலும் முப்படை அதிகாரிகளுக்குப் பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வுத் துறையில் சாதாரணப் பட்டதாரியும் சேரலாம். இந்தியப் பாதுகாப்புச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவரான கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்து மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

'வெளியுறவு டெல்லி விவகாரம்' என்பது இதைவிட ஆழமாக வேரோடிய நம்பிக்கை. நம் பக்கத்திலேயே பாருங்கள்: பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம். 2012 ஜூலையில் அங்குள்ள விமானப் படைத் தளத்தில் இலங்கை விமானப் படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரியவந்தது. முதல்வர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவர்களை பெங்களூரு எலஹங்காவுக்கு மாற்றியது. அங்கேயும் வேண்டாம், நாட்டுக்கே திருப்பி அனுப்புங்கள் என்றார் முதல்வர். ஒரு செமஸ்டர் முழுக்க விவாதிக்க இது போதும். இரு நாட்டுப் படை உறவில் மாநிலத்தின் குரலுக்கு என்ன எடை? இந்தியா பயிற்சி தராவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? 2009 இலங்கைப் போரின் ரணம் ஆறாத மக்களிடம் 'தேச நலன்' என்று எப்படிப் பேசுவது? இந்தக் கேள்விகளை டெல்லியில் படிப்பவரைவிட நாம் கிட்டே நின்று பார்க்கலாம். டெல்லி ஜே.என்.யூ.வுக்குப் போக முடிந்தால் நல்லதுதான்; முடியாவிட்டால் படிப்பே இல்லை என்றாகிவிடாது.

செய்தி சேனல் பார்த்தாலே போதும் என்பவர்களுக்குக் கச்சத்தீவைச் சொல்வேன். இலங்கையோடு செய்த 1974 ஒப்பந்தத்தோடு நம் மீனவர் உரிமை போய்விட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். மூலத்தை எடுத்துப் படித்தால், மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு நாட்டின் படகுகள் மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளியைக் கவனிக்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. இன்னோர் உதாரணம்: 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்ததை எல்லாரும் பேசினார்கள். அதே மாதம் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்ப்புக்காகச் சென்னைக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளிக்கு வந்ததை அதனுடன் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

இந்தப் பட்டம் இருந்தால் நேரே வெளியுறவுப் பணி என்று நம்பிச் சேராதீர்கள். அதற்கு யு.பி.எஸ்.சி. தேர்வுதான் வழி, எந்தப் பட்டதாரியும் எழுதலாம். கற்பிக்க விரும்பினால் நெட் தேர்வு எழுதுங்கள்.

கடைசியாக, "தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு இது எட்டுமா?" ஆங்கிலம் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி. இலங்கை நாடாளுமன்றத்தில் தமிழில் பேசியது ஹன்சார்டில் தமிழிலேயே அச்சாகிறது. யாழ்ப்பாண மீனவர் நம் இழுவைமடிப் படகுகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டுக்கொள்ள நம் பிள்ளைகளால் முடியும். கூடவே சிங்களம் வாசித்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டால், கொழும்புப் பத்திரிகைகளில் மறுபக்கத்து வாதத்தையும் நேரடியாகப் படிக்கலாம். முதல் செமஸ்டரிலேயே அதைத் தொடங்கிவிடுங்கள்.