எந்தப் பக்க இன்ஜின்?

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்தும்போது கதவையும் ஸ்பேனரையும்தான் வழக்கமாகக் காட்டுவேன். இந்த ஆண்டு விமானத்தை எடுத்துக்கொண்டேன். "இரண்டு இன்ஜின் உள்ள விமானம் பறக்கும்போது ஒன்று நின்றுவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"விழுந்துடும் சார்" என்றார்கள் பலர்.

விழாது. மீதமுள்ள ஓர் இன்ஜினைக் கொண்டே பறந்து தரையிறங்கும்படிதான் அத்தகைய ஜெட் விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. இடது இன்ஜின் நின்றால், வலது இன்ஜினின் உந்துவிசை விமானத்தின் மூக்கை இடப்பக்கம் திருப்பும். விமானி வலது பெடலை மிதித்து, வாலிலுள்ள சுக்கானால் எதிர்த் திருப்புத்திறனை உண்டாக்குவார். சிறிய ஜெட்டுகளில் பெரும்பாலும் இன்ஜின்கள் பின்புறம் உடலை ஒட்டியே இருக்கும். மையத்திலிருந்து தொலைவு குறைவு என்பதால் திருப்புத்திறனும் குறைவு. கரும்பலகையில் படம் வரைந்ததும் மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து, விமானிகளுக்குக் கற்றுத்தரும் வரிசையை எழுதினேன்: முதலில் விமானத்தை நிலையாகப் பறக்கச் செய், பழுதான இன்ஜின் எது என்று கண்டறி, இருவரும் சரிபாருங்கள், அதன் பிறகே அதை நிறுத்து.

சரிபார்ப்பது தவறினால்? 1989 ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் நகருக்குச் சென்ற போயிங் 737-400 விமானத்தில், இடது இன்ஜினின் விசிறித் தகடு உடைந்தது. அதிர்வும் புகையும் எழுந்தன. விமானிகள் நிறுத்தியதோ வலது இன்ஜினை! தற்செயலாக அதிர்வு தணிந்ததால், செய்தது சரி என்று நம்பிவிட்டனர். வலது இன்ஜினில் கோளாறு என்று தலைமை விமானி அறிவித்தார். இடப்பக்கம் தீப்பொறியைப் பார்த்த பயணிகள் பலர் இருந்தனர். ஒருவரும் விமானியிடம் சொல்லவில்லை. தரையிறங்கும் நேரத்தில் இடது இன்ஜினும் செயலிழக்க, கெக்வொர்த் என்ற ஊரருகே விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர்.

"ஏன் சார் யாருமே சொல்லல?" என்றான் ஒருவன்.

"பைலட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சிருப்பாங்க" என்றாள் ஒரு மாணவி.

மணி அடித்தபின், அதிகம் பேசாத மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்தான். "சார், போன வாரம் 50 சென்டிமீட்டரை 5 மீட்டர்னு போட்டு கணக்கு செஞ்சீங்க. நாங்க நாலஞ்சு பேர் அப்பவே பார்த்தோம்."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீங்க சார் ஆச்சே."

மறுநாள் வகுப்பில் என் தவறை நானே எழுதித் திருத்தினேன். சுட்டிக்காட்டிய மாணவனுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொன்னேன். இப்போதெல்லாம் ஒரு கணக்கை முடித்ததும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்க இன்ஜின்?" என்று கேட்கிறேன். சரிபாருங்கள் என்பது அதன் பொருள். முதல் சில நாள்கள் வகுப்பே அமைதியாக இருந்தது. இப்போது இரண்டு மூன்று கைகள் உயர்கின்றன. அவர்கள் சொல்வது சில நேரம் தவறாகவும் இருக்கும். அப்போதும் சிரிக்காமல், சேர்ந்து சரிபார்க்கிறோம். ஒரு முறை சிரித்துவிட்டால் அந்தக் கை மறுபடி உயராது அல்லவா?