டுரியான் விழுகிறது, செயற்கைக்கோளும் விழுகிறது

தம்பி தங்கைகளே, பாலிக் புலாவில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "அண்ணே, மேல போயிட்டா ஈர்ப்பு சக்தி இல்லதானே? அதனாலதானே மெதக்குறாங்க?"

2007 அக்டோபரில் நம் நாட்டின் ஷேக் முஸாபர் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மிதந்ததைக் காணொளியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். படிவம் 4 மாணவர்கள் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். விளக்கச் சொன்னால்தான் தடுமாற்றம்.

சூத்திரத்தையே கேட்போமே. பூமியின் மையத்திலிருந்து விலக விலக, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும். பூமியின் ஆரம் சுமார் 6,370 கி.மீ.; நிலையம் அதற்கு மேல் வெறும் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 6,370-ஐ 6,770-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: ஏறக்குறைய 0.89. தரையில் 9.8 என்றால் அங்கே 8.7. ஈர்ப்பு எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை!

அப்புறம் ஏன் நிலையம் விழவில்லை? விழுகிறது. விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

நம் ஊர் டுரியான் தோட்டத்துக்கு வாருங்கள். காம்பு விட்ட பழம் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் விழும். அதைப் பக்கவாட்டில் வீசினாலும் அந்த நொடியில் 5 மீட்டர்தான் இறங்கும்; தள்ளிப் போய் விழும், அவ்வளவுதான். (வீசிப் பார்க்க வேண்டாம், முள் சும்மா விடாது.) இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக வீசினால்? பூமி உருண்டை அல்லவா? நேராக 8 கி.மீ. போவதற்குள் தரை நமக்குக் கீழே 5 மீட்டர் வளைந்து விலகிவிடும். ஆகவே நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில், அதாவது ஒரே நொடியில் மலை தாண்டி ஆயர் ஈத்தாமையும் கடக்கும் வேகத்தில் பழம் பறந்தால், அது 5 மீட்டர் விழ, தரையும் 5 மீட்டர் விலகும். எவ்வளவு விழுந்தாலும் தரை எட்டாது. இதைத்தான் நியூட்டன் மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து விளக்கினார். கீழே காற்று தடுக்கும் என்பதால் நிஜத்தில் உயரே போக வேண்டியிருக்கிறது. ஆனால் ராக்கெட்டுக்குப் பெரிய வேலை தூக்குவதல்ல, இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதுதான்.

நிலையமும் அதற்குள் இருக்கும் மனிதரும் ஒரே மாதிரி விழுகிறார்கள். தரை காலை அழுத்துவதில்லை. அதுதான் மிதப்பது.

"அப்போ ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் மட்டும் எப்படிண்ணே நிக்குது?" நல்ல கேள்வி. அதுவும் நிற்கவில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு குறைவு. நொடிக்கு 3 கி.மீ. வேகமே போதும். ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் அதே நேரம்தான். அதனால்தான் நம் கூரையில் உள்ள தட்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இனி உங்கள் முறை. நிலா, பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. 9.8-ஐ 3,600-ஆல் வகுத்து, ஒரு நொடியில் நிலா எவ்வளவு விழுகிறது என்று போட்டுப் பாருங்கள். விடை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வர வேண்டும்.