பன்றிகளின் நீலக்காது வியாதியும் அதற்கு இடந்தரும் ஒரு புரோட்டீனும்

சினைப் பன்றிகள் ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் கருச்சிதைவடைவதும், குட்டிகள் செத்துப் பிறப்பதும், உயிருடன் பிறந்தவை மூச்சுத் திணறி மடிவதும் ஒரே சமயத்தில் காணப்படுமாயின் நீலக்காது வியாதியைச் சந்தேகித்தல் வேண்டும். சில பன்றிகளின் காது நீலம் பாரிப்பதால் இப்பெயர் வந்தது. அக்குறி தோன்றட்டுமென்று காத்திருத்தல் தவறு. இவ்வியாதி 1987-ம் வருஷத்தில் ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதல் கவனிக்கப்பட்டது. அந்நாட்டுப் பண்ணைக்காரருக்கு இதனால் நேரும் நஷ்டம் வருஷமொன்றுக்கு 66 கோடி டாலருக்கு மேலென்று 2013-ல் மதிப்பிடப்பட்டது. அவ்வருஷமே இந்தியாவில் மிஜோராமிலும் வியாதி தலைகாட்டிற்று.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ். வைரஸ் தானாகப் பெருக வல்லதன்று. அயலான் செக்கில் தன் எள்ளை ஆட்டிக்கொள்பவனைப்போல, பிராணியின் உயிரணுவிற் புகுந்து அதன் சாதனங்களைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கும். இந்த வைரஸ் நாடுவதோ, நுரையீரலிற் கிருமிகளை விழுங்கிக் காவல் புரியும் மாக்ரோபேஜ் என்னும் உயிரணுக்களை. உள்ளே சென்ற பின்னும் அதன் மேலுறை கழன்றாலன்றி அது பெருக இயலாது. உறை கழலுவதற்குத் துணையாவது பன்றியின் சொந்தப் புரோட்டீனாகிய ஸி.டி.163 ஆகும்.

இது எளிதில் நிச்சயிக்கப்பட்டதன்று. ஸி.டி.169 என்னும் வேறொரு புரோட்டீனே வைரஸ் புகும் வாயில் என்று பலர் கருதியிருந்தனர். அப்புரோட்டீன் இல்லாத பன்றிகளை உண்டாக்கிச் சோதித்தபோது அவையும் மற்றவற்றைப்போலவே வியாதிக்குள்ளாயின என்பது 2013-ல் வெளியாயிற்று. பின்னர் மிஸௌரி, கன்ஸாஸ் மாகாணங்களின் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் ஸி.டி.163 இல்லாத குட்டிகளைச் சாதாரணக் குட்டிகளுடன் ஒரே பட்டியில் அடைத்து வைரஸைச் செலுத்தினர். சாதாரணக் குட்டிகள் நோயுற்றன. மற்றவற்றின் இரத்தத்தில் 35 நாள் வரை வைரஸும் காணவில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளும் காணவில்லை. வைரஸ் அங்கே பெருகவேயில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை. இம்முடிவு 2015 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

ஒரு புரோட்டீனை அடியோடு நீக்கினால் பன்றிக்குத் தீங்கு நேராதா என்ற கேள்வி நியாயமானதே. சிதைந்த இரத்த அணுக்களிலிருந்து கசியும் ஹீமோக்ளோபினை அகற்றுவது ஸி.டி.163-ன் இயற்கையான தொழில். ஆகையால் ஸ்காட்லாந்திலுள்ள ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார் அதன் ஒன்பது பகுதிகளில் ஐந்தாவதை மாத்திரம் நீக்கினர். மற்றப் பகுதிகள் தம் தொழிலை நடத்தின, வைரஸும் தொற்றவில்லை. இது 2018-ல் தெரியவந்தது.

எந்த வியாதியும் அணுகாத பன்றி கிடைத்துவிட்டதென்று எண்ணலாகாது. ஸி.டி.163 இல்லாத பன்றிகளும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இரையாயின என்று 2017-ல் நிரூபிக்கப்பட்டது. நீலக்காது வியாதி தொற்றாத இனமொன்றை உணவுக்கு வளர்க்க 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. அவ்வினம் கைக்கு எட்டாத இடங்களில் பழைய காவலே துணை. வியாதியினின்று தேறிய பன்றி பல மாதங்கள் வரை வைரஸைத் தாங்கியிருக்கும். கிடாப்பன்றியின் விந்தின் வழியாகவும், ஒரே ஊசியைப் பலவற்றிற்குப் போடுவதாலும் அது பரவும். வெளியூரினின்று வாங்கிய பன்றிகளைக் குறைந்தது 30 நாள் தனிக் கொட்டிலிற் கட்டி, இரத்தப் பரிசோதனை செய்வித்த பின்னரே மந்தையிற் சேர்த்தல் வேண்டும். ஒரு கிராமத்திற் பல பன்றிகள் கருச்சிதைந்தால் கிராம உத்தியோகஸ்தர் அன்றே கால்நடை வைத்தியருக்குத் தெரிவித்து, சந்தைக்குப் பன்றி கொண்டுபோவதை அவர் வந்து பார்க்கும்வரை நிறுத்திவைப்பாராக.